கண்ணுக்குப் பின்னால்

ஆரணியில் ஒருவருக்குக் கண் மங்கினால், பழி முதலில் தறியின் மேல்தான் விழும். அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. தலைமுடியைவிட மெல்லிய பட்டு இழைகள் ஆயிரக்கணக்கில் பாவாக விரிந்து கிடக்க, அவற்றுள் அறுந்துபோன ஓர் இழையைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போடுகிற தொழில் அது. காலையிலிருந்து விளக்கு வைக்கும் வரை, வைத்த பிறகும் கூட, குழித்தறியில் கால்களைத் தொங்கவிட்டபடி அதே வேலையைச் செய்கிறவருக்கு நாற்பது வயதில் பார்வை குறைந்தால், "தறிக்காரன் கண் வேறு எப்படி இருக்கும்?" என்று ஊர் சொல்லிவிடும். ஒரு கண்ணாடி வாங்குவார்கள். அது சரியில்லை என்று இன்னொன்று வாங்குவார்கள். தலைவலிக்கு ஒரு தைலம். இப்படியே ஆறு மாதம் போய்விடும்.

பெரும்பாலான சமயங்களில் இதனால் மோசம் ஒன்றும் இல்லை. நாற்பது வயதில் வருகிற வெள்ளெழுத்துக்குக் கண்ணாடிதான் மருந்து. ஆனால் நூற்றில் ஒரு சமயம், கண் பழுதில்லாமல் இருக்கும். கண்ணுக்குப் பின்னால் இருக்கும் மூளைதான் ஆபத்தில் இருக்கும். அந்த ஒரு சமயத்தில் கடந்துபோன ஆறு மாதத்தைத் திருப்பிக் கொடுக்க எந்த டாக்டராலும் முடியாது. கண்ணின் வழியாக மூளையைப் படிக்க மனிதன் எப்படிக் கற்றான், அந்தக் கல்வி ஆரணிக்கு ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் வேலூருக்கும், அப்பால் சென்னைக்கும் எப்படி வந்து சேர்ந்தது என்பதே இங்கே நான் சொல்லப் போகிற சரித்திரம். நான் வைத்தியன் அல்லன், கதை எழுதுகிறவன். ஆனால் இந்தச் சரித்திரத்தில் உள்ள கதையை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

ஆரணியின் சரித்திரம் என்றால் பள்ளிக்கூடப் புத்தகத்தில் யுத்தம்தான் வரும். 1751-இல் மராட்டியத் தலைவர் முராரி ராவின் குதிரைப் படையின் துணையோடு கிளைவ், ராஜா சாகிபின் சேனையை இங்கே தோற்கடித்தான். 1782-இல் ஹைதர் அலியும் ஆங்கிலத் தளபதி அயர் கூட்டும் இங்கே மோதினார்கள். இந்த இரண்டு யுத்தங்களிலும் தலையில் அடிபட்டு விழுந்தவர்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். அவர்களில் பிழைத்த சிலருக்குக் கண் நன்றாக இருந்தும் பார்வையில் பாதி போயிருக்கக் கூடும். அது ஏன் என்று அந்த நாளில் உலகத்தில் யாருக்கும் தெரியாது.

யுத்தத்தில் பட்ட காயத்தைக் கொண்டே அதைத் தெரிந்துகொண்டவர் ஒரு ஜப்பானியர். 1904, 1905 ஆண்டுகளில் ரஷ்யாவுக்கும் ஜப்பானுக்கும் போர் நடந்தது. அந்தப் போரில் பயன்பட்ட துப்பாக்கிக் குண்டுகள் சிறியவை, வேகம் மிக்கவை. மண்டையில் ஒரு பக்கம் நுழைந்து மறு பக்கம் நேராக வெளியேறிவிடும். ஆளும் சில சமயம் பிழைத்துக்கொள்வான். பிழைத்த சிப்பாய்களுக்குப் பார்வை எவ்வளவு போயிற்று என்று கணக்கிட்டு, அதற்கேற்பப் பென்ஷன் நிர்ணயிக்க வேண்டும். அந்த வேலை தட்சுஜி இனோவே என்ற கண் டாக்டரிடம் வந்தது. குமாஸ்தா வேலைதான்! ஆனால் அவர் ஒவ்வொருவர் தலையிலும் குண்டு நுழைந்த இடத்தையும் வெளியேறிய இடத்தையும் அளந்தார்; அவன் பார்வையில் எந்தப் பகுதி இருண்டிருக்கிறது என்றும் வரைந்தார். இரண்டு வரைபடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, தலையின் பின்புறத்தில் மூளை உலகத்தை எப்படி விரித்து வைத்துக்கொள்கிறது என்பது அவருக்குப் புலப்பட்டுவிட்டது. 1909-இல் அதைப் புத்தகமாக வெளியிட்டார். அடுத்து வந்த முதல் உலகப் போரில் கார்டன் ஹோம்ஸ் என்ற பிரிட்டிஷ் டாக்டர், காயம்பட்ட தம் நாட்டுச் சிப்பாய்களைச் சோதித்து அந்தப் படத்தை இன்னும் துல்லியமாக்கினார்.

அந்தப் படம் என்ன சொல்கிறது? ஆரணிக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். இரண்டு கண்களிலிருந்தும் இரண்டு நரம்புகள் மூளைக்குப் போகின்றன. ஒவ்வொன்றிலும் பத்து லட்சம் இழைகளுக்குக் குறையாமல் உண்டு. இந்த இரண்டு கட்டு நூலும் மூளையின் அடியில் ஓரிடத்தில் சந்திக்கின்றன. அங்கே ஒவ்வொரு கட்டிலும் மூக்குப் பக்கத்து இழைகள் மட்டும், அதாவது பாதிக்குச் சற்று அதிகமான இழைகள், எதிர்ப் பக்கம் தாண்டிப் போகின்றன. மற்றவை தம் பக்கத்திலேயே நேராகச் செல்கின்றன. தறியில் பாவின் ஒரு பாதி மேலே எழுந்து மறு பாதி கீழே தங்குகிறது அல்லவா? அப்படி இழை பிரிந்து சேரும் இடம் அது. இதன் பலனாக, நாம் பார்க்கும் உலகத்தின் இடது பாதி முழுவதும் வலது மூளைக்கும், வலது பாதி முழுவதும் இடது மூளைக்கும் போய்ச் சேருகிறது.

இப்போது, தறியில் உட்கார்ந்திருக்கும் ஒரு நெசவாளியை மனதில் நிறுத்திக்கொள்ளுங்கள். அவருக்கு எதிரே சேலை விரிந்திருக்கிறது; நடுவில் உடல், இரு பக்கமும் கரை. ஒரு கண்ணை மூடினால் எல்லாம் தெரிகிறது, மறு கண்ணை மூடினால் ஒன்றுமே தெரியவில்லை என்றால், கோளாறு தெரியாத அந்தக் கண்ணிலோ அதன் நரம்பிலோ இருக்கிறது. உடல் தெரிகிறது, ஆனால் இரண்டு கரையும் தெரியவில்லை என்றால், கோளாறு இழைகள் தாண்டும் அந்தச் சந்திப்பில் இருக்கிறது. அதற்கு நேர் கீழே பிட்யூட்டரி என்று ஒரு சிறு சுரப்பி உண்டு. அதில் கட்டி வளர்ந்து மேலே அழுத்தினால் இப்படித்தான் ஆகும். எந்தக் கண்ணை மூடினாலும் இடது கரை மட்டும் தெரியவில்லை என்றால், கோளாறு சந்திப்பையும் தாண்டி வலது மூளையில் இருக்கிறது. கருவி எதுவும் இல்லாமல், பேச்சிலிருந்தே, மண்டைக்குள் பழுது எங்கே என்று ஒரு விரல் அகலத்துக்குள் சொல்லிவிடலாம். துப்பறியும் கதைகளில் கூட இவ்வளவு நேர்த்தியான தடயம் கிடைப்பது அபூர்வம்.

இதைச் சோதிக்கும் முறையும் அதிசயமான எளிமை உடையது. டாக்டரும் நோயாளியும் எதிரெதிரே உட்காருகிறார்கள். நோயாளி ஒரு கண்ணை மூடிக்கொண்டு டாக்டரின் மூக்கைப் பார்க்கிறார். டாக்டர் ஓரத்திலிருந்து விரலை அசைத்துக்கொண்டே உள்ளே கொண்டுவருகிறார். எப்போது தெரிகிறது என்று கேட்கிறார். மூன்று நிமிஷ வேலை, காலணாச் செலவில்லை. இன்னும் நுட்பமாகப் பார்க்க வேண்டுமானால், டென்மார்க் தேசத்து ஜெரம் என்ற டாக்டர் 1889-இல் காட்டிய வழி இருந்தது: சுவரில் ஒரு கறுப்புத் துணி, கையில் ஒரு வெள்ளைப் புள்ளி. இன்று அதே வேலையைக் கம்ப்யூட்டர் செய்கிறது, தத்துவம் மாறவில்லை.

இது ஒரு ஜன்னல். இன்னொரு ஜன்னலை 1851-இல் ஜெர்மானிய விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் திறந்து வைத்தார். கண்ணின் பாப்பாவுக்குள் வெளிச்சத்தைச் செலுத்தி உள்சுவரைப் பார்க்கும் சிறு கருவியை அவர் அறிமுகப்படுத்தினார். உடம்பை அறுக்காமல் ஒரு நரம்பின் முனையையும் ரத்தக் குழாய்களையும் நேருக்கு நேர் பார்க்கக்கூடிய இடம் அது ஒன்றுதான். ஒன்பது ஆண்டுகள் கழித்து, பெர்லினில் கிரேஃப் என்ற கண் டாக்டர், மூளையில் கட்டி இருந்தவர்களுக்கு அந்த நரம்பின் முனை வீங்கியிருப்பதைக் கண்டு எழுதினார்.

அது ஏன் வீங்க வேண்டும்? மண்டை ஓடு மூடியிட்ட பானை. அதற்குள் மூளை, ரத்தம், மூளை நீர் என்று மூன்று மட்டும் நெருக்கமாக அடங்கியிருக்கின்றன. நான்காவதாக ஒரு கட்டியோ, கசிந்த ரத்தமோ உள்ளே இடம் பிடித்தால், பானை விரிந்து கொடுக்காது. ஸ்காட்லாந்தில் மன்ரோ, கெல்லி என்ற இருவர் 1783-லும் 1824-லும் சொல்லிவைத்த விஷயம் இது. அழுத்தம் ஏறுகிறது. கண் நரம்பைச் சுற்றியுள்ள உறைக்குள்ளும் அந்த அழுத்தம் பாய்ந்து நரம்பின் முனையை நெரிக்கிறது. இதில் ஒரு வஞ்சகம் உண்டு. நரம்பு வீங்கத் தொடங்கிய பிறகும் பல வாரங்களுக்குப் பார்வை நன்றாகவே இருக்கும். காலையில் எழும்போது தலைவலி, வாந்தி, குனிந்து நிமிரும்போது சில விநாடிகள் திரை விழுந்தாற்போல் இருட்டு, இவ்வளவுதான் தெரியும். 'பித்தம்' என்று சொல்லி எலுமிச்சம்பழ ரசம் கொடுத்துவிடுவார்கள். பிறகு ஒரு கட்டத்தில் நரம்பு செத்துப்போகும், பார்வை போகும். அப்புறம் கட்டியை எடுத்தாலும் பார்வை திரும்பாது.

கண்ணின் முன்புறக் கதை வேறு. சென்னை எழும்பூரில் இருக்கும் சர்க்கார் கண் ஆஸ்பத்திரி 1819-இல் தொடங்கியது. உலகத்தின் மிகப் பழமையான கண் ஆஸ்பத்திரிகளில் ஒன்று. டாக்டர் முத்தையா அங்கே 1945-இல் கண் வங்கியை ஏற்படுத்தி, 1948-இல் கருவிழி மாற்று அறுவையும் செய்தார். புரை விழுந்தால் எடுக்கலாம். கருவிழி வெளுத்தால் மாற்றலாம். ஆனால் கண்ணையும் மூளையையும் இணைக்கும் நரம்பை மாற்ற இன்று வரை யாராலும் முடியவில்லை. அதனால் அந்த நரம்பைக் காப்பாற்ற ஒரே வழி, நேரத்தோடு மண்டைக்குள் போவதுதான். அதற்கு ஆள் வேண்டும் அல்லவா?

இந்தியா சுதந்தரம் அடைந்தபோது, அந்தக் காரியத்துக்கென்று தனித் துறை வைத்திருந்த ஆஸ்பத்திரி இந்த நாட்டில் ஒன்றும் இல்லை. முதல் துறை டில்லியிலும் ஏற்படவில்லை, கல்கத்தாவிலும் ஏற்படவில்லை. வட ஆர்க்காட்டு வெயிலில் வேகும் வேலூரில்தான் 1949-இல் ஏற்பட்டது.

வேலூர் ஆஸ்பத்திரியின் தாயார், ராணிப்பேட்டையில் 1870-இல் பிறந்த ஐடா ஸ்கட்டர் அம்மையார். 1902-இல் நாற்பது படுக்கைகளுடன் பெண்களுக்கான ஆஸ்பத்திரியாகத் தொடங்கி, 1918-இல் பெண்களுக்கு வைத்தியப் பள்ளி, பிறகு காலேஜ் என்று வளர்த்தார். அங்கே வந்து சேர்ந்தவர் டாக்டர் ஜேகப் சாண்டி. 1910-இல் கோட்டயத்தில் பிறந்தவர்; சென்னை மெடிக்கல் காலேஜில் படித்தவர்; பாரசீக வளைகுடாவில் பஹ்ரைன் மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். அங்கிருந்து அமெரிக்கா சென்று, கனடாவின் மாண்ட்ரியல் நகரில் வைல்டர் பென்ஃபீல்டு என்ற மேதையிடம் மூளை அறுவையைக் கற்றார். வேலூரில் அப்போது இருந்த டாக்டர் ராபர்ட் காக்ரேன் அழைக்க, இங்கே வந்தார்.

காலராவும் அம்மையும் காசமும் வாரிக்கொண்டு போன காலம் அது. பிரசவத்துக்கே டாக்டர் கிடைக்காத கிராமங்களுக்கு நடுவில் மூளைக்கு ஒரு வைத்தியமா என்று கேட்கத் தோன்றும். ஆனால் நோய் தன் விலாசத்தைச் செல்வந்தர் வீட்டோடு நிறுத்திக்கொள்வதில்லை. மூளையில் கட்டி ஏழைக்கும் வந்தது. அதிலும் நம் நாட்டில் ஒரு தனித் தொல்லை இருந்தது. மேல்நாட்டில் மூளைக் கட்டி என்றால் பெரும்பாலும் சதை வளர்ச்சி. இங்கேயோ அவற்றில் பெரும் பங்கு காசநோய்க் கட்டிகள். நெஞ்சிலிருந்த காசம் ரத்தத்தோடு ஏறி மூளையில் உருண்டையாகத் தங்கிவிடும். மேல்நாட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு இங்கே வைத்தியம் செய்ய முடியாது. சொந்தப் புத்தகத்தை எழுத வேண்டியிருந்தது.

எழுத உதவியாக டாக்டர் பல்தேவ் சிங் வேலூரில் சாண்டியுடன் சேர்ந்தார். 1950-இல் சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் டாக்டர் பா. ராமமூர்த்தி மூளை அறுவைப் பிரிவைத் தொடங்கினார். 1922-இல் சீர்காழியில் பிறந்தவர். எடின்பரோவில் பட்டம் பெற்று, இங்கிலாந்தில் பழகி, அவரும் மாண்ட்ரியலுக்குப் போய் வந்தவர். மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்வதில் தேர்ந்த டாக்டர் எஸ். டி. நரசிம்மனும் சென்னையில் இருந்தார். 1951-இல் இந்த நால்வரும் கூடி இந்திய நரம்பியல் சங்கத்தை நிறுவினார்கள். இவ்வளவு பெரிய தேசத்துக்கு நால்வர்! இரண்டு பேர் வேலூர், இரண்டு பேர் சென்னை. அடுத்த ஆண்டு, 1952-இல், சாண்டி வேலூரில் வலிப்பு நோய்க்கு இந்தியாவின் முதல் மூளை அறுவையைச் செய்தார். 1970-களில் ராமமூர்த்தியின் பிரிவு சென்னையில் ஒரு முழு நரம்பியல் நிலையமாக வளர்ந்தது. ஆசியாவின் முதல் பெண் மூளை அறுவை நிபுணர்களில் ஒருவரான டாக்டர் கனகா அங்கே உருவானவர்தான். 2003-இல் ராமமூர்த்தியும், 2007-இல் சாண்டியும், 2018-இல் கனகாவும் மறைந்தார்கள்.

இவர்கள் தொடங்கிய நாளில் மண்டைக்குள் பார்க்க என்ன இருந்தது? எக்ஸ்-ரே எலும்பைத்தான் காட்டும்; மூளையைக் காட்டாது. 1918-இல் அமெரிக்காவில் டாண்டி என்பவர் மூளையின் அறைகளிலுள்ள நீரை எடுத்துக் காற்றை நிரப்பி எக்ஸ்-ரே பிடித்தார். அறை எந்தப் பக்கம் நசுங்கியிருக்கிறதோ அந்தப் பக்கம் கட்டி. நோயாளிக்கு அது ஒரு நரக வேதனை. 1927-இல் போர்ச்சுகல் நாட்டு மோனிஸ், கழுத்து ரத்தக் குழாயில் மருந்தைச் செலுத்திப் படம் எடுத்தார். இவை இரண்டும் ஆபத்தில்லாதவை அல்ல. எனவே அவற்றுக்கு முன்னால் டாக்டர் தம் கையையும் கண்ணையும் காதையும்தான் நம்பினார்: ஒரு ரப்பர்ச் சுத்தியல், ஒரு குண்டூசி, கண்ணுக்குள் பார்க்கும் கருவி, அசையும் விரல். நோயாளி சொல்லும் கதையைப் பொறுமையாகக் கேட்பது எல்லாவற்றுக்கும் மேலான கருவியாக இருந்தது.

1971 அக்டோபர் முதல் தேதி, லண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்டு என்ற என்ஜினீயரின் ஸ்கேன் யந்திரம் முதல் நோயாளியின் மூளையைக் குறுக்கே வெட்டினாற்போல் படம் பிடித்தது. அதன் பிறகு வைத்தியமே வேறு. ஆனால் படம் தெரிந்துவிட்டால் பொருளும் தெரிந்துவிடும் என்று நினைத்தால் தவறு. அதற்கு வேலூரிலேயே ஒரு சான்று உண்டு. வலிப்பு வந்தவர்களின் ஸ்கேனில் பயறு அளவுக்கு ஒரு சிறு புள்ளி தென்படும். காசக் கட்டியாக இருக்கலாம் என்று மாதக் கணக்கில் காச மருந்து கொடுப்பது அந்நாளைய வழக்கம். வேலூரில் டாக்டர் ராஜசேகரும் டாக்டர் மாத்யூ சாண்டியும் அவர்களுடைய கூட்டாளிகளும் இந்தப் புள்ளிகளை ஆராய்ந்தார்கள். பல புள்ளிகள் காசமே அல்ல. நாடாப்புழுவின் முட்டை வயிற்றில் போய், குஞ்சு மூளையில் தங்கிச் செத்த தழும்பு. தானாகவே மறைந்துவிடக் கூடியது. 20 மில்லிமீட்டருக்கு உட்பட்டதா, மண்டையில் அழுத்தம் இல்லையா, நாளுக்கு நாள் ஏறும் பலவீனம் இல்லையா என்பன போன்ற சில கேள்விகளால் இதையும் காசத்தையும் பிரிக்கலாம் என்று 1990-களின் தொடக்கத்தில் எழுதினார்கள்.

இது கண்ணுக்கும் சம்பந்தமுள்ள சேதி. காச மருந்துகளில் எத்தாம்புட்டால் என்று ஒன்று உண்டு. நல்ல மருந்துதான்; ஆனால் சிலருக்குக் கண் நரம்பைத் தாக்கும். முதலில் சிவப்பும் பச்சையும் மங்கும். நெசவாளியானால் பட்டு நூலின் சாயத்தில் அந்தத் தடுமாற்றத்தை அவரே முதலில் கண்டுகொள்வார். உடனே சொன்னால் மருந்தை நிறுத்தி, பெரும்பாலும் கண்ணைக் காப்பாற்றலாம். தேவையில்லாத ஒருவருக்கு அந்த மருந்தையே கொடுக்காமல் இருப்பது அதனினும் மேல். ஆனால் ஒன்று: காசம் என்று உறுதியானவர் டாக்டரைக் கேட்காமல் தாமாக மருந்தை நிறுத்துவது கண்ணை அல்ல, உயிரையே பணயம் வைப்பது. மூளைச் சவ்வில் காசம் வந்த குழந்தைகள், 1940-களில் ஸ்டெரப்டோமைசின் வருவதற்கு முன்னால், பிழைத்ததே அபூர்வம். மருந்து வந்த பிறகும் தாமதித்து வந்த குழந்தைகள் உயிர் பிழைத்துப் பார்வை இழந்தார்கள். மூளையின் அடியில் படியும் பசை, இழைகள் தாண்டும் அந்தச் சந்திப்பையே ஒட்டி நெரித்துவிடும். குழந்தைக்குப் பல நாள் காய்ச்சலோடு தலைவலியும் வாந்தியும் மந்தமும் சேர்ந்தால், அது திருஷ்டி அல்ல.

தாமதம், தாமதம் என்று சொல்லுகிறேன். எவ்வளவு தாமதம் என்பது நோய்க்கு நோய் மாறும். கட்டிக்கு வாரக் கணக்கு. சவ்வுக் காய்ச்சலுக்கு நாள் கணக்கு. ரத்தக் குழாய் அடைப்புக்கு நிமிஷக் கணக்கு. திடீரென்று பார்வையில் ஒரு பாதி மறைவது, வாய் கோணுவது, பேச்சுக் குழறுவது, ஒரு கை தொய்வது, இவற்றில் எது வந்தாலும் பக்கவாதம் என்று கொள்ள வேண்டும். அடைப்பைக் கரைக்கும் மருந்து பயன்படும் என்று 1995-இல் நிரூபித்தார்கள். நாலரை மணி நேரம் வரை கொடுக்கலாம் என்று 2008-இல் தெரிந்தது. பெரிய குழாய் அடைத்திருந்தால் கம்பியைச் செலுத்திக் கட்டியை இழுத்தெடுக்கும் முறையும் இன்று உண்டு. தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரை கூட. ஆயினும் ஒவ்வொரு நிமிஷமும் மூளை கொஞ்சம் கொஞ்சமாகச் சாகிறது. ஆகவே, வீட்டார் கவனிக்க வேண்டிய முதல் விஷயம் கடிகாரம்: கடைசியாக அவர் நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு? டாக்டர் கேட்கப் போகும் முதல் கேள்வி அதுதான். பக்கத்து மருந்துக் கடையில் ஆஸ்பிரின் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். அடைப்பா, கசிவா என்று ஸ்கேன் பார்த்தாலன்றித் தெரியாது; கசிவாக இருந்தால் அந்த மாத்திரை விஷம்.

இதுவரை இல்லாத கொடுமையான தலைவலி இடிபோல் இறங்குவது, அதோடு ஒரு கண் இமை தொங்குவது, ஒன்று இரண்டாகத் தெரிவது, இவையும் அப்படியே. மூளையின் ரத்தக் குழாயில் ஊதியிருந்த கொப்புளமோ, பிட்யூட்டரிக் கட்டியோ ரத்தம் கசிந்திருக்கலாம். மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தவர் எழுந்து நன்றாகப் பேசிவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துத் தூங்கத் தொடங்கினால், அது களைப்பு என்று போர்வை போர்த்திவிடக் கூடாது. எலும்புக்கும் மூளையுறைக்கும் நடுவில் ரத்தம் சேர்ந்துகொண்டிருக்கலாம். ஒரு கண் பாப்பா பெரிதாகி வெளிச்சத்துக்குச் சுருங்காமல் நிற்பதை ஹட்சின்சன் என்ற ஆங்கில டாக்டர் 19-ஆம் நூற்றாண்டிலேயே அபாயச் சங்காகச் சொல்லிவிட்டார். அந்த நிலைக்கு முன்னால் ரத்தத்தை வெளியேற்றினால், பெரும்பாலும் முழு ஆளாக வீட்டுக்கு வருவார்.

கண்ணைப் பறிக்கிற இன்னொன்றையும் சொல்லாமல் விடக் கூடாது. கள்ளச் சாராயத்தில் மெத்தனால் கலந்தால் அது உடம்பில் வேறு விஷமாக மாறிக் கண் நரம்பைக் கொல்லும். குடித்தவருக்கு அன்று போதைதான். மறுநாள் பார்வையில் பனி மூடும். 2023-இல் மரக்காணம், செங்கல்பட்டுப் பக்கத்திலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் இதுதான் நடந்தது. கள்ளக்குறிச்சியில் மட்டும் 60 பேருக்கு மேல் மாண்டார்கள். மாற்று மருந்து உண்டு, ரத்தத்தைச் சுத்தம் செய்யும் யந்திரமும் உண்டு. பனி மூடிய அந்தக் கணமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். போலீசுக்குப் பயந்து வீட்டில் படுத்துக் கிடந்தால் கண்ணும் போகும், உயிரும் போகும்.

வலிப்பு வந்தவர் கையில் சாவிக் கொத்தைத் திணிக்கும் வழக்கம் இன்னும் நம்மிடம் போகவில்லை. இரும்புக்கும் வலிப்புக்கும் சம்பந்தமில்லை. ஒருக்களித்துப் படுக்க வைத்து, பல்லுக்கு நடுவில் எதையும் வைக்காமல், தண்ணீர் புகட்டாமல், எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று பார்த்தால் போதும். ஐந்து நிமிஷத்துக்கு மேல் நீடித்தால் வண்டிக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். நினைவு இல்லாதவர் வாயில் சோடாவோ காப்பியோ ஊற்றினால் அது நேரே நுரையீரலுக்குப் போகும்.

இந்த நோய்களில் கதாசிரியனைத் திகைக்க வைக்கும் ஒன்றும் உண்டு. மூளையின் பின்புறம் இரண்டு பக்கமும் பழுதானால் கண் நன்றாக இருக்க, ஆள் குருடாகிவிடுவார். ஆனால் சிலர், தாம் குருடாகிவிட்டதையே அறிய மாட்டார்கள்! "எனக்குத் தெரிகிறதே" என்று சாதித்துக்கொண்டு சுவரில் போய் முட்டுவார்கள். எதிரே நிற்பவர் என்ன நிறத்தில் உடுத்தியிருக்கிறார் என்று கேட்டால், ஒரு நிறத்தைக் கற்பனையாகச் சொல்லுவார்கள். பொய் அல்ல, மூளை தன் இருட்டைத் தானே படம் எழுதி நிரப்பிக்கொள்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆண்டன் என்ற ஆஸ்திரிய டாக்டர் இதை விவரித்தார். இப்படிப்பட்டவரை 'நடிக்கிறார்' என்றோ 'பேய் பிடித்திருக்கிறது' என்றோ சொல்லி வீட்டில் வைத்துக்கொள்வதுதான் பெரிய அநியாயம்.

முன்னாளில் ஆரணிக்காரர் வேலூருக்குப் போவதென்றால் சுலபமாக இல்லை. ஊருக்குள் ரயில் கிடையாது. 'ஆரணி ரோடு' ஸ்டேஷன் சில மைல் தள்ளிக் களம்பூர்ப் பக்கம் இருந்தது. இன்றும் அங்கேதான் இருக்கிறது. மாட்டு வண்டி, ரயில், மறுபடி வண்டி என்று ஒரு நாள் போய்விடும். இன்று கண்ணமங்கலம் வழியாகச் சாலை இருக்கிறது. அந்தப் பாதையில் அடுக்கம்பாறையில் 2005-இல் தொடங்கிய சர்க்கார் மெடிக்கல் காலேஜ் இருக்கிறது. 108 வண்டி தமிழ்நாட்டில் 2008-இல் ஓடத் தொடங்கியது. விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை, ஒரு வரம்பு வரை, அரசே ஏற்கும் திட்டம் 2021-இல் வந்தது. சாண்டி தொடங்கிய துறை 2022-இல் ராணிப்பேட்டையில் எழுந்த புதிய வளாகத்துக்குப் போயிருக்கிறது. ஐடா அம்மையார் பிறந்த அதே ஊருக்கு.

ஆக, சாலை குறுகிவிட்டது, யந்திரம் வந்துவிட்டது, ஆளும் வந்தாயிற்று. குறையாமல் இருப்பது வீட்டுத் திண்ணைக்கும் வண்டிக்கும் நடுவில் உள்ள தூரம். "காலையில் பார்த்துக்கொள்ளலாம்", "பாவு முடியட்டும்", "முகூர்த்தச் சேலை, கொடுத்துவிட்டுப் போகலாம்" என்று அந்தத் தூரத்தை நாமே நீட்டுகிறோம். முகூர்த்தச் சேலையை இன்னொரு தறியில் நெய்து கொடுத்துவிடலாம். கண்ணுக்குப் பின்னால் ஓடும் அந்த இழைகளை முடிச்சுப் போட ஆரணியில் மட்டும் அல்ல, உலகத்திலேயே இன்னும் ஒரு நெசவாளி பிறக்கவில்லை.